நாலாவது அடியில் நிற்கும் சிப்பாய்

ஜூன் 8, ஞாயிறு

சிப்பாய் இன்று முதல் முறையாகத் தன் காலில் நின்றது. காலை பத்து இருபது. கார் நிறுத்தும் இடத்தில்தான் செய்துகொண்டிருக்கிறேன். எங்களிடம் கார் இல்லை. வீடு கட்டிப் பதினெட்டு வருடம் கழித்து அந்த இடத்துக்கு இப்போதுதான் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. உயரம் ஆறடி, எடை முப்பத்தெட்டுக் கிலோ. தலை இன்னும் பொருத்தவில்லை. தலையில்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பால்காரர் பாக்கெட்டை கேட்டிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இந்த நோட்டை சுகவனம் டாக்டர் சொல்லித்தான் தொடங்குகிறேன். சேலத்தில் பல் டாக்டர். எங்கள் குழுவை ஆரம்பித்தவர். சினிமாவில் வந்த எந்திர மனிதர்களை நடக்க, கையசைக்க வைத்துத் திரும்பச் செய்கிறவர்கள் பதினான்கு பேர் இருக்கிறோம். குழுவுக்குத் தகரப் படை என்று பெயர். அளவு, தேதி, செய்த தவறு எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், அடுத்தவருக்கு உதவும் என்றார். அதை மட்டும்தான் எழுதப்போகிறேன்.

இந்த வருடம் 'செவ்வாய்க் கோட்டை' படத்துச் சிப்பாயை எடுத்துக்கொண்டோம். 1980இல் வந்த படம், கோயமுத்தூரிலேயே எடுத்தது. பதினொரு நாள் ஓடியது. சிப்பாய் மொத்தம் ஒன்பது நிமிடம் வருகிறது. நாலடி வைக்கும், நிற்கும், இடது கையை வயிற்றுத் தகட்டின் மேல் வைக்கும், பிறகு மெதுவாகத் திரும்பும். இதை நாங்கள் நாலடி நிறுத்தம் என்கிறோம்.

அளவைப் பற்றி மார்ச்சில் பெரிய சண்டை நடந்தது. படத்தை நிறுத்தி நிறுத்தித் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளை எண்ணி, பக்கத்தில் தெரிந்த பொருள் ஏதாவது இருந்தால் அதோடு ஒப்பிட்டுத்தான் எங்கள் ஆட்கள் அளவெடுப்பார்கள். 'திரையில் இருப்பதே சட்டம்' என்பது குழுவின் விதி. ஒரு காட்சியில் சிப்பாயின் பக்கத்தில் இரும்பு மடக்கு நாற்காலி இருக்கிறது, கல்யாண மண்டபத்தில் போடுவது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் சிப்பாயின் உயரம் ஐந்தடிதான் வந்தது. அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அந்தத் தகரத்தைச் செய்தது என் அப்பா நாச்சிமுத்து, அதற்குள் இருந்து நடந்ததும் அவர்தான், அவர் ஐந்தடி எட்டங்குலம் என்றேன். மேலே கவசம் போட்டால் ஆறடிக்குக் குறையாது. அன்று முழுக்கக் குழுவில் அதே பேச்சு. நாற்காலியைத் தள்ளுபடி செய்தார்கள். செவ்வாய்க் கிரக ராஜாவுக்குப் பெரிய நாற்காலியாகச் செய்திருப்பார்கள் என்றார் தூத்துக்குடி ஜெரால்டு. எல்லா அளவையும் ஒன்று புள்ளி இரண்டால் பெருக்கினோம்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஈரோட்டில் கண்காட்சி. அப்பாவுக்குப் பொன்னாடை.

ஜூன் 11, புதன்

தூறல். தார்ப்பாய் வாங்க வேண்டும். அப்பாவின் கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

வயிற்றுத் தகடு முடிந்தது. மற்ற தகடுகள் எல்லாம் ஒரே துண்டு. இதில் மட்டும் நடுவில் இரண்டங்குலப் பட்டை ஒன்று கூடுதலாக ஒட்டுப்போட்டிருக்கிறது, இருபத்திரண்டு ரிவெட். அழகுக்காக என்று குழு முடிவு செய்தது. அப்பாவிடம் கேட்டேன். "அப்ப தகரம் பத்தலையாட்ட இருக்குது" என்றார்.

சிப்பாய்க் கதையை அப்பா எத்தனை பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஸ்டுடியோக்காரர்கள் தகரக் கடைக்கு வந்தது, ஒன்பது நாளில் செய்து கொடுத்தது, உள்ளே நின்று நடந்தது. உறவுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பிக்கு முன்னால் அந்தக் கதை வந்துவிடும். நான் சிப்பாய் செய்யத் தொடங்கியதிலிருந்து அவர் அதைச் சொல்வதில்லை. வயதாகிவிட்டது, எழுபத்தாறு.

அலுவலகத்தில் பம்ப் உறைக்குப் படம் வரைகிறேன், வீட்டுக்கு வந்து சிப்பாய்க்கு. பேசுவதற்கு ஆள் இல்லாவிட்டாலும் கணினியில் கோடு போட்டால் அது உடனே பதில் சொல்கிறது, இந்த இடத்தில் மூடவில்லை என்று.

ஜூன் 22, ஞாயிறு

விழுந்துவிட்டது.

நாலடி ஒழுங்காக நடந்தது. நின்றது, கை வயிற்றுக்குப் போனது. திரும்பும்போது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து துளசித் தொட்டியை உடைத்தது. குழுவில் எல்லாரும் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏக்கா, சிப்பாய் தண்ணி போட்டுட்டு வந்துட்டாம் போல" என்றார் ஜெரால்டு.

"திரும்பற வேகத்தக் கொறச்சா நிக்கும்" என்றேன்.

"அதெல்லாம் முடியாதுங்க சாருமதி. படத்துல ரெண்டே கால் செகண்டு. அதான் சட்டம்" என்றார் டாக்டர்.

"அப்ப நீங்க வந்து பிடிச்சுக்கங்க."

"பல்லு விழுந்தா வரேன்."

அழைப்பு முடிந்த பிறகு வெகு நேரம் மண்ணைக் கூட்டினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்த வீடு சட்டென்று ஒரு பொத்தானில் அணைந்துவிடுகிறது. அது பழகவில்லை.

ஜூன் 28, சனி

கண் ஆஸ்பத்திரி. கண் அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் மட்டும் பார்வை, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. டாக்டர் அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். எத்தன நாளைக்குன்னு சொல்ல முடியாது. அவர் பாக்கணும்னு ஏதாவது இருந்தா தள்ளிப்போடாதீங்க" என்றார்.

ஆட்டோவில் வரும்போது அப்பா, "என்னவாமா அம்மிணி?" என்றார்.

"சொட்டு மருந்து மாத்திருக்காங்கப்பா."

இவர் பார்க்க வேண்டியது ஒன்றுதான். தான் நடந்ததை ஒருமுறை எதிரில் நின்று பார்க்க வேண்டும். ஆகஸ்ட் பத்துக்குள் சிப்பாய் திரும்பியாக வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

குழுவில் இன்று முழுக்கக் கையைப் பற்றிய விவாதம். சிப்பாய் ஏன் வயிற்றில் கை வைக்கிறது? பேட்டரி அங்கே இருக்கிறது, சூட்டைப் பார்க்கிறது என்றார் சுகவனம் டாக்டர். குண்டு பட்ட இடமாக இருக்கும் என்றார் ஜெரால்டு. மதிய சாப்பாடு அதிகம் என்று ஒருவர் எழுதினார்.

என்னைக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று போட்டேன். தோன்றத்தான் செய்கிறது. அந்தக் கையை நான் எங்கேயோ அறிவேன். திருப்பூரில், 2009இல். வேண்டாம். இது அளவுக் குறிப்பு.

இடது கை மோட்டார்: கார் வைப்பர் மோட்டார், பன்னிரண்டு வோல்ட். சத்தம் குறைய கிரீஸ் வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஐந்தாவது முறை விழுந்தது. முழங்கால் தகடு நசுங்கிவிட்டது.

கடைசியில் அப்பாவையே கேட்பதென்று முடிவு செய்தேன். கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

"அப்பா, நீங்க எப்படித் திரும்புனீங்கன்னு ஒருக்கா நடந்து காட்டுங்க. எந்தக் கால்ல எடை வெச்சீங்கன்னு பாத்துக்கறேன்."

"அதெல்லாம் ஞாபகம் இல்ல சாமி."

"நாலு எட்டு வெச்சாப் போதுமுங்க."

நடந்தார். கண் தெரியாதவரின் நடை என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தேன். சிப்பாயின் நடையில் ஒன்றுகூட அதில் இல்லை. அப்பா குதிகாலை ஊன்றி நடப்பவர். சிப்பாய் பாதம் முழுவதையும் ஒன்றாக வைக்கும், சற்று அகட்டி, பாரம் தூக்கினவர்கள் வைப்பதுபோல. நாலாவது அடியில் அவர் நிற்கவில்லை. ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருந்து கேட்டைத் தொட்டார்.

"ஈரோட்டுக்கு நான் வரோணுமா அம்மிணி?"

"உங்களுக்குத்தானே பொன்னாடை?"

"என்ற பேருல எதுக்கு அதெல்லாம்?" என்றார். கூச்சம் என்று நினைத்தேன்.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் படையல் போடும் நாள். எனக்கு நாலு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பெயர் தெய்வாத்தாள். அவளுடைய படம் ஒன்றே ஒன்றுதான், கல்யாணத்தின்போது ஸ்டுடியோவில் எடுத்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அப்பா பின்னால் நிற்கிறார். அவள் நின்று நான் பார்த்த ஞாபகம் இல்லை. நடந்தும் இல்லை.

வருடா வருடம் அவளுடைய சேலையைப் படத்துக்கு முன்னால் வைப்போம். அப்பாதான் பெட்டியைத் திறப்பார். இந்த வருடம் அவருக்குப் பார்வை போதாததால் நான் திறந்தேன். சேலைக்கு அடியில் ஒரு ஜாக்கெட் மடித்து வைத்திருந்தது. இதுவரை நான் பார்த்ததில்லை. எடுத்து விரித்தேன். சின்னப் பெண்ணின் சட்டைபோல இருந்தது. மேசையில் டேப் கிடந்தது. எதையும் அளந்துவிடுகிற கை என்னுடையது. தோளிலிருந்து தோள் பன்னிரண்டரை அங்குலம்.

அந்த எண் எனக்குத் தெரியும். நாற்காலியை வைத்துக் கணக்குப் போட்டபோது சிப்பாயின் தோள், தகரத்தின் கனத்தைக் கழித்து, பன்னிரண்டரைதான் வந்தது. இவ்வளவு குறுகலாக ஒரு மனிதர் இருக்க முடியாது என்று நானே குழுவில் எழுதியிருக்கிறேன்.

அப்பா இலையில் சாதம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா எத்தன உயரமுங்கப்பா?"

"என்ற தோளுக்கு வருவா. ஏன் கண்ணு?"

"சிப்பாய்க்குள்ள நீங்க இல்லை."

சாதக் கரண்டியைக் கீழே வைத்தார். காக்காவைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

"நான் எங்க அந்த டப்பாவுக்குள்ள நொழைய முடியும்" என்றார். என்னிடம் சொல்வதுபோல இல்லை. "மதுர நாடகக் கம்பெனிக்காரன் ஒருத்தன், குள்ளமா இருப்பான், அவனுக்கு அளவெடுத்துச் செஞ்சது. ஷூட்டிங் அன்னிக்கு அவனுக்கு அம்மை போட்டுருச்சு. டைரட்டரு குதிக்கறாரு. சோத்துப் போசி கொண்டாந்த உங்கம்மா ஓரமா நின்னுட்டு இருந்தா. நான் நிக்கறேனுங்கன்னு அவளேதான் சொன்னா."

"எப்ப இது?"

"ஆவணி கடைசி."

நான் தை மாதம் பிறந்தவள்.

"அஞ்சு மாசம்" என்றேன்.

"வவுத்துப் பக்கம் மூடல. அங்கியே பிரிச்சு ரெண்டங்குலப் பட்டை வெச்சு அடிச்சேன்." இரண்டு கையாலும் காற்றில் அந்த அகலத்தைக் காட்டினார். "லைட்டு சூடு, உள்ள காத்தே வராது. நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்கும், நின்னுக்குவா. நீ அப்பத்தான் அசைய ஆரம்பிச்சிருந்த. கைய வெச்சுப் பாப்பா. தகரக் கையத் தகரத்து மேல வெச்சா என்ன தெரியும்? ஆனாலும் வெப்பா. டைரட்டரு பாத்துட்டு, இது நல்லாருக்குது, ஒவ்வொருக்காவும் இதையே செய்யச் சொல்லுன்னுட்டாரு."

"ஏன் சொல்லலைங்க?"

"மாசமா இருக்கறவள டப்பாவுல போட்டு அடைச்சான்னு உங்க அம்மாயி வீட்டுல என்னைய வெட்டிருப்பாங்க. நாந்தான் நின்னேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். அவளும் சிரிச்சுக்கிட்டே அதையேதான் சொன்னா. அப்பறம் காமாலை வந்துச்சு. அந்தச் சூட்டுலதான் ஈரல் வெந்துபோச்சுன்னு நானே நெனச்சுக்கிட்டேன். ஒருத்தருஞ் சொல்லல. நானேதான். அதுக்கப்பறம் எப்புடி வாயத் தொறக்கறது?"

அந்தச் சூட்டுக்கும் காமாலைக்கும் நாலரை வருடம் இடைவெளி என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். மதிலில் காக்கா உட்கார்ந்திருந்தது. அதற்குச் சாதம் வைக்கவும் தோன்றவில்லை.

ஜூலை 25, வெள்ளி

அப்பாவிடம் பேசவில்லை. இட்லி வைத்தேன். மருந்து விட்டேன். தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணைத் திறந்து காட்டினார்.

ஜூலை 26, சனி

அந்தப் படத்தை நான் பத்து வயதிலிருந்து எத்தனை தடவை பார்த்திருப்பேன். என் அம்மா அதில் நடந்துகொண்டே இருந்திருக்கிறாள். நான் அவளை அப்பா என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தவறு என்னுடையது. நாற்காலி சரியாகத்தான் சொன்னது. கதையை நம்பி அளவை மாற்றினேன். படம் வரைபவள் செய்யக்கூடாதது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். 2009இல் மூன்று மாதம், திருப்பூரில் புகுந்த வீட்டில், நானும் அப்படிக் கையை வைத்துக்கொண்டு நடந்தேன். சமையலறையிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து சமையலறைக்கு. பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. 2011இலும் ஒருமுறை. அதற்குப் பிறகுதான் கோயமுத்தூருக்குத் திரும்பி வந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

குழுவில் சொன்னேன். எழுத வரவில்லை, அழைப்பில்தான் சொன்னேன்.

சுகவனம் டாக்டர்தான் முதலில் பேசினார். "அப்ப நாற்காலி சரிதான்."

"ஆமாங்க டாக்டர்."

"எல்லாத்தையும் ஒண்ணு புள்ளி ரெண்டால வகுக்கணும். பதினாலு நாள் இருக்குது."

"முடியாதுங்க. தனியா எத்தன தகடுன்னு வெட்டறது?"

"ஏக்கா, யாரு ஒங்கள தனியா வெட்டச் சொன்னா? படத்த அனுப்புங்க. கைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார் ஜெரால்டு.

"தலை என்னோடது. நான் தலை ஸ்பெஷலிஸ்ட்டு" என்றார் டாக்டர்.

உட்கார்ந்து முழுவதையும் புதிதாக வரைந்தேன். ஐந்தடி. சிறியதாக வரைய வரைய எல்லாம் தானாகப் பொருந்திக்கொண்டு வந்தது. ஆறடி உருவத்தை ஐந்தடி உருவத்தின் வேகத்தில் திருப்பினால் விழாமல் என்ன செய்யும்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சேலம் பஸ்ஸில் தலை வந்தது. தூத்துக்குடி பஸ்ஸில் கைகள், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம், ஒரே வாசம். வயிற்றுத் தகட்டை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

வெட்டி வைத்துவிட்டு ரிவெட் அடிக்க உட்கார்ந்தபோது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பத்து நாளாக மருந்து, சாப்பாடு தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை.

"பட்டைய உள்ளார வெச்சு அடிக்கறயா, வெளியவா?"

"வெளியிலதானுங்க தெரியுது."

"உள்ள ஒண்ணு உண்டு. விளிம்பு அவ வவுத்துல கீறக்கூடாதுன்னு துணி சுத்தி ஒரு பட்டை வெச்சேன். படத்துல தெரியாது."

திரையில் இருப்பதே சட்டம். ஆனாலும் பழைய காடாத் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். விரலாலேயே தடவித் தடவிச் சுற்றினார். இருபத்திரண்டு ரிவெட்டையும் அவர் பிடித்துக்கொள்ள நான் அடித்தேன். ஒரு அடி அவர் விரலில் விழுந்தது. வலிக்குதா என்று கேட்டேன். "அடி, பரவால்ல" என்றார்.

மாலை ஓடவிட்டோம். நாலடி, நிறுத்தம், கை, திரும்பல். விழவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஈரோடு. ஒரு கல்லூரி அரங்கம். எண்பது பேர் இருக்கலாம், பாதிப் பேர் மின்விசிறிக்குக் கீழே. சிப்பாயை வேனிலிருந்து இறக்கும்போது ஜெரால்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேரில் இன்றுதான் முதல் முறை சந்திக்கிறோம். திரையில் தெரிந்ததைவிட அவர் ரொம்பக் குள்ளம்.

"என்னக்கா, எங்க அம்மை ஒசரந்தான் இருக்கு" என்றார்.

அப்பாவுக்குப் பொன்னாடை போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார் டாக்டர். அது முதலில் கீச்சிட்டது. அவர் என்ன சொல்வார் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பழைய கதையையே சொன்னாலும் யாரும் மறுக்கப்போவதில்லை என்று குழுவில் பேசி வைத்திருந்தோம்.

"எனக்குப் பேச வராதுங்க" என்றார். "நாந்தான் இதுக்குள்ள நின்னேன்னு நாப்பத்தஞ்சு வருசமாச் சொல்லிட்டு இருந்தேன். பொய்யிங்க. நின்னது என்ற சம்சாரம். பேரு தெய்வாத்தா. படத்துல அவ பேரு போடல, அதனால சொல்றனுங்க." பிறகு, "அப்ப என்ற புள்ளையும் உள்ள இருந்துச்சு" என்றார். பொன்னாடையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றது. கை வயிற்றுக்குப் போனது. அரங்கத்தில் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு திரும்பி அப்பாவுக்கு நேராக வந்து நின்றது.

"எங்க நிக்கிறா?" என்றார் அப்பா. இடது கண்ணின் சின்ன வட்டத்துக்குள் தேடினார்.

"நேருக்கு நேருங்கப்பா. கைய நீட்டுங்க."

நீட்டினார். கை முதலில் உயரமாகப் போனது. பிறகு இறங்கி, அவருடைய தோளுக்கு நேரே தகரத் தலையின் மேல் நின்றது. உள்ளங்கையை அப்படியே வைத்திருந்தார்.

"இவ்வளவுதான் இருப்பா" என்றார். பொன்னாடையை அந்தத் தகரத் தலையைச் சுற்றிப் போட்டுவிட்டார்.

ஜெரால்டு என் காதருகே, "அழுதிராதியக்கா, வயர்ல தண்ணி பட்டுரும்" என்றார். அவர்தான் அழுதுகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

விடுப்பு போட்டேன். அப்பா மதியத் தூக்கத்தில் இருக்கிறார். காலையில் மருந்து விடும்போது ஜன்னல் இருக்கும் பக்கம் எது என்று கேட்டார்.

சிப்பாயைக் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஹாலுக்குள் கொண்டுவந்தேன். கல்யாணப் படத்துக்குக் கீழே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அதில் நிறுத்தினேன். பக்கத்தில் நின்று அளந்தேன். கவசத்தைக் கழித்தால் நாலடி ஒன்பதங்குலம். என் காதுமடல் வரை. நான் அப்பாவின் உயரத்தில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

குறிப்புகளைக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் கேட்டிருக்கிறார். அளவுகளை மட்டும் தனியாக எழுதி அனுப்பிவிடலாம்.

வீட்டில் சத்தமே இல்லை. பொத்தானை அழுத்தினேன். பாதம் முழுவதையும் ஒன்றாக வைத்து, சற்று அகட்டி, என்னை நோக்கி வந்தாள். நாலாவது அடியில் நின்றாள். கை மெதுவாக எழுந்து வயிற்றுத் தகட்டின் மேல் படிந்தது.

அங்கேதான் நான் இருக்கிறேன்.